ஆள்நேரமா, சம்பளமா? ஸெய்னெப் டோனை வாசித்த குறிப்புகள்

ஸெய்னெப் டோன் எழுதிய 'தி கேஸ் ஃபார் குட் ஜாப்ஸ்' புத்தகத்தைப் படித்து முடித்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. அதைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அவருடைய பழைய பேப்பர் ஒன்றைத் திறந்து பார்க்கத் தோன்றும். அது இன்னொரு பேப்பரில் கொண்டுபோய் விடும். இப்படிப் பின்னால் போய்ப் போய், புத்தக விமர்சனம் எழுத வந்தவன் கடைசியில் ஒருவரின் இருபது வருட ஆய்வு வாழ்க்கையையே வாசித்துவிட்டேன். அதனால் இது புத்தக விமர்சனமும் இல்லை, வாழ்க்கைக் குறிப்பும் இல்லை. வாசித்தபோது பக்க ஓரத்தில் எழுதி வைத்ததையெல்லாம் சேர்த்து எழுதியது.

பெயர் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். டோன் துருக்கியில் பிறந்தவர். வாலிபால் ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்தார். பிறகு ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் முனைவர் பட்டம், அங்கேயே ஏழு வருடம் ஆசிரியர் பணி. அதன்பின் எம்.ஐ.டி. ஸ்லோன். 2014-ல் 'தி குட் ஜாப்ஸ் ஸ்ட்ராட்டஜி' புத்தகம், 2023-ல் நான் மேலே சொன்ன இரண்டாவது புத்தகம். நடுவில், நிறுவனங்களுக்கு வழிகாட்டுவதற்காக ஒரு லாப நோக்கமற்ற அமைப்பையும் சிலரோடு சேர்ந்து ஆரம்பித்தார். இரண்டு புத்தகங்களும் சொல்வது இதுதான்: சில்லறை விற்பனையில் குறைந்த சம்பளம் என்பது யாரும் மாற்ற முடியாத விதி கிடையாது, நிர்வாகம் எடுக்கும் முடிவு. கடையை நடத்தும் முறையை மாற்றினால் ஊழியருக்கு நல்ல சம்பளம், வாடிக்கையாளருக்குக் குறைந்த விலை, முதலாளிக்கு லாபம் என்று மூன்றையும் சேர்த்தே தர முடியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டோனின் டேட்டா ஆள்நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. அவருடைய புத்தகங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசுகின்றன. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுதான், ஆனால் ஒரே வீடு இல்லை. இந்த வித்தியாசம் ஏதோ கல்லூரி வாதம் மாதிரி தோணலாம். எனக்கு அப்படி இல்லை. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

டோன் உள்ளே வந்தபோது துறை எங்கே இருந்தது என்று பார்க்கணும். வார்ட்டனில் மார்ஷல் ஃபிஷர், ஹார்வர்டில் அனந்த் ராமன். இவர்களும் சகாக்களும் தொண்ணூறுகளில் ஸ்போர்ட் ஓபர்மேயர் என்ற பனிச்சறுக்கு உடை நிறுவனத்தோடு வேலை செய்தார்கள். எந்த நிற ஜாக்கெட் எத்தனை விற்கும் என்பதை எப்படி முன்கூட்டிக் கணிப்பது, கணிக்க முடியாததை எப்படித் தள்ளிப்போட்டுத் தைப்பது என்ற கேள்விகள். 2000-ல் இவர்கள் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'ராக்கெட் சயின்ஸ் ரீடெய்லிங்'. பார்கோடு ஸ்கேனர் வந்துவிட்டது, ஒவ்வொரு விற்பனையும் பதிவாகிறது, இனி சில்லறை வியாபாரத்தை ராக்கெட் மாதிரி கணக்குப் போட்டு ஓட்டலாம் என்ற உற்சாகம் அந்தத் தலைப்பிலேயே தெரியும். எங்களைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கு வேலை கொடுத்ததும் அந்த உற்சாகம்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே ராமன் தன் மாணவர்களோடு கடைக்குள் போய்ப் பார்த்தபோது நிலைமை வேறு மாதிரி இருந்தது. நிக்கோல் டிஹொரேஷியஸும் ராமனும் ஒரு நிறுவனத்தின் 37 கடைகளில் கிட்டத்தட்ட 3,70,000 இருப்புப் பதிவுகளை எடுத்து, கையால் எண்ணிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். 65 சதவீதம் தப்பு. இந்த எண்ணை முதல் தடவை படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

தப்பு என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிஸ்டம் மூன்று இருக்கிறது என்கிறது. அலமாரியில் ஒன்றும் இல்லை. மூன்று இருப்பதால் புது ஆர்டர் போகாது. இல்லாத சரக்கு விற்காது. விற்காததைப் பார்த்து, இதற்கு இந்த ஊரில் தேவை இல்லை என்று சிஸ்டம் முடிவு கட்டும். யாராவது போய் எண்ணிப் பார்க்கும்வரை அந்தப் பொருள் அந்தக் கடையில் செத்த பொருள்தான். இதன்மேல் எவ்வளவு நல்ல அல்காரிதம் எழுதினாலும் தப்பை இன்னும் வேகமாகச் செய்யும், அவ்வளவுதான்.

டோன் பிடித்தது இதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு ஓட்டையை. பார்டர்ஸ் புத்தகக் கடைகளைப் பற்றி அவர்கள் மூவரும் 2001-ல் எழுதிய கட்டுரையிலேயே விஷயம் வந்துவிட்டது. கணினியில் புத்தகம் இருக்கிறது. எண்ணிக்கையும் சரி. புத்தகம் உண்மையிலேயே கடைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அது பின்பக்க அறையில் பெட்டிக்குள்ளே கிடக்கிறது, அல்லது வேறு அலமாரியில் தப்பாகச் செருகப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கிடைக்காது. இதைத்தான் 'ஃபேன்டம்' என்றார்கள். நான் மாயச் சரக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். சீனாவிலிருந்தோ அச்சகத்திலிருந்தோ ஆயிரக்கணக்கான மைல் சரியாக வந்த பொருள், பின் அறையிலிருந்து அலமாரி வரைக்கும் உள்ள கடைசி முப்பது அடியில் தொலைந்துபோகிறது.

2010-ல் டோனும் ராமனும் வெளியிட்ட பேப்பர் எனக்கு இந்த மொத்த வாழ்க்கையிலும் மிகவும் பிடித்தது. ஒரு பெரிய சங்கிலிக் கடையின் நான்கு வருட டேட்டா. வகைகளைக் கூட்டினால் விற்பனை கூடும், இருப்பைக் கூட்டினாலும் கூடும். இது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் காட்டியது அதற்குள் இருக்கும் எதிர் ஓட்டத்தை. வகையும் இருப்பும் கூடக்கூட மாயச் சரக்கும் கூடுகிறது, அது விற்பனையைக் கீழே இழுக்கிறது. அதாவது கூட்டியதில் ஒரு பங்கை நீங்களே பின் அறையில் தொலைக்கிறீர்கள். சத்தமில்லாத பேப்பர். தலைப்பில்கூட ஒரு கவர்ச்சியும் கிடையாது. ஆனால் துறையின் பார்வையைக் கிடங்கு, கப்பல், முன்கணிப்பு என்பதிலிருந்து அட்டைப்பெட்டியைப் பிரித்து அடுக்குகிற ஒரு ஆளின் கைக்குக் கொண்டுவந்தது இந்த மாதிரி வேலைகள்தான்.

இங்கே என் கதையைச் சொல்லியாகணும். 2000-களின் பின்பாதியில் நான் சென்னையில் உட்கார்ந்து ஒரு அமெரிக்கச் சங்கிலிக் கடைக்கு ஆள் ஷெட்யூல் போடும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். போன வருடம் இதே வாரம் என்ன விற்றது, இந்த வருடம் என்ன விற்கும் என்ற கணிப்பு, அதிலிருந்து இத்தனை டாலருக்கு இத்தனை மணி நேரம் என்று ஆள்நேர பட்ஜெட், அதைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி யார் எப்போது வரணும் என்ற அட்டவணை. டெஸ்டிங்குக்காக மூன்று வாரம் அங்கே போனேன். நவம்பர் மாதம். தேங்ஸ்கிவிங்குக்கு முந்தைய வாரங்கள். விற்பனை மந்தம், ஆனால் பண்டிகைக்கான லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எங்கள் ஃபார்முலாவில் ஆள்நேரம் விற்பனையோடு கட்டப்பட்டிருந்தது. விற்பனை குறைந்த வாரத்தில் ஆள் குறையும். லாரி குறையாது.

அந்தக் கடையின் மேலாளர் அம்மா என்னைப் பின் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கூரை வரைக்கும் பெட்டி. அவர் கையில் எங்கள் அட்டவணையின் பிரிண்ட் அவுட், அதன் மேல் முழுக்க பென்சில் திருத்தம். இந்தப் பெட்டியையெல்லாம் யார் பிரிப்பது என்று கேட்டார். நான் குறித்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும் அது ஒரு டிக்கெட்டாக என் பெயருக்கே வந்தது. ஃபார்முலா ஒப்பந்தத்தில் சொன்னபடிதான் வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு, 'ஒர்க்கிங் ஆஸ் டிசைன்ட்' என்று எழுதி மூடிவிட்டேன். பொய் இல்லை. அப்படித்தான் டிசைன் பண்ணியிருந்தோம்.

இன்னொன்றும் இருக்கிறது. மேலதிகாரிகள் பார்க்கும் டாஷ்போர்டில் பட்ஜெட்டைத் தாண்டினால் சிவப்பு, உள்ளே இருந்தால் பச்சை. எவ்வளவு கீழே போனாலும் பச்சைதான். பத்து மணி நேரம் குறைத்த கடையும் பச்சை, நூறு மணி நேரம் குறைத்த கடையும் பச்சை. அந்த நிறம் என் யோசனை. மீட்டிங்கில் பாராட்டினார்கள்.

சரி, டோனுக்கு வருவோம். 2009-ல் அவர் ஹார்வர்டின் ஆய்வறிக்கை வரிசையில் ஒரு பேப்பர் வெளியிட்டார். கடையில் ஆள் கூடினால் லாபம் என்ன ஆகிறது என்பது கேள்வி. ஒரு பெரிய நிறுவனத்தின் கடைகளிலிருந்து எடுத்த டேட்டா. பதில்: ஆள்நேரம் கூடினால் லாபம் கூடுகிறது. ஆனால் நாம் நினைக்கிற வழியில் இல்லை. ஆள் கூடினால் வாடிக்கையாளர் சேவையும் முன்னேறுகிறது, ஆனால் அங்கே சேவைக்கும் லாபத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை. லாபம் வந்த வழி நடைமுறை ஒழுங்கு. பெட்டியைப் பிரித்தல், விலைச்சீட்டு மாற்றுதல், திருப்பி அனுப்ப வேண்டியதை அனுப்புதல் மாதிரி யாரும் பார்த்துக் கைதட்டாத வேலைகள் சொன்னபடி நடப்பது. இதோடு இன்னொரு முடிவும் சொன்னார்: தலைமை அலுவலகம் சம்பளச் செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்தால் மேலாளர்கள் தேவைக்கும் குறைவான ஆளை வைத்துக் கடையை ஓட்டுவார்கள், அது லாபத்தையே கடிக்கும்.

நான் இதைப் படித்தது டிக்கெட்டை மூடி ஐந்தாறு வருடம் கழித்து. அந்தப் பச்சை நிறம் ஞாபகத்துக்கு வந்தது. பென்சில் திருத்தங்களும்தான்.

இதுவரை நான் டோனின் ரசிகன். இனிமேல்தான் சிக்கல்.

2008-ல் ராபர்ட் ஹக்மனோடு சேர்ந்து டோன் எழுதிய பேப்பர் ஒன்று உண்டு. ஊழியர்கள் விட்டு விட்டுப் போய்க்கொண்டே இருந்தால் கடைக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றியது. 48 மாத டேட்டா. சராசரியாகப் பார்த்தால், ஆட்கள் அதிகம் மாறும் கடையில் லாப விகிதமும் சேவையும் குறைகின்றன. எதிர்பார்த்ததுதான். ஆனால் கடைகளை இரண்டாகப் பிரித்தபோது கதை மாறுகிறது. நடைமுறைகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் கடைகளில் ஆட்கள் மாறுவதால் கெடுதல் தெரியவில்லை. ஏனோதானோ என்று நடக்கும் கடைகளில்தான் அடி பலமாக விழுகிறது.

இதை ஒரு முதலாளியின் கண்ணோடு படியுங்கள். ஆட்கள் நிலையாக இருக்க நல்ல சம்பளம் கொடுக்கலாம். அல்லது நடைமுறையை இறுக்கிவிட்டு, ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். இரண்டாவது வழி மலிவு. துரித உணவுக் கடைகள் பல காலமாகச் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். டோனின் சொந்த டேட்டா இரண்டு கதவைத் திறந்து வைத்தது. புத்தகத்தில் அவர் ஒரு கதவு வழியாக மட்டும் நம்மைக் கூட்டிப்போகிறார்.

நியாயமாக ஒரு மறுப்பையும் சொல்லணும். நடைமுறை ஒழுங்கு வானத்திலிருந்து விழாது. அதற்குப் போதுமான ஆள் வேண்டும், அதைத்தான் 2009 பேப்பர் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு சங்கிலி கிடைக்கும்: போதுமான ஆள்நேரம் இருந்தால் ஒழுங்கு, ஒழுங்கு இருந்தால் லாபம். மிகவும் உறுதியான சங்கிலி என்றே நினைக்கிறேன். ஆனால் இதில் எங்கேயும் மணிக்கூலி எவ்வளவு என்ற கேள்வி வரவே இல்லை. குறைந்த கூலிக்கு அதிகம் பேரை வைத்தாலும் இந்தக் கணக்கு ஓடும்.

புத்தகம் இந்த இடைவெளியை எப்படித் தாண்டுகிறது என்று பார்ப்போம். 2014 புத்தகத்தில் நான்கு செயல்முறைகள் சொல்கிறார். குறைவான வகைகளை விற்பது. வேலைகளை ஒரே சீராக வகுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையை ஊழியரிடமும் கொடுப்பது. ஒரே ஆளுக்குப் பல வேலை கற்றுத்தருவது. கொஞ்சம் உபரி ஆளோடு கடையை ஓட்டுவது. முதலாவதுக்கும் கடைசிக்கும் பின்னால் அவருடைய பேப்பர்கள் முதுகெலும்பாக நிற்கின்றன. வகை குறைந்தால் மாயச் சரக்கு குறையும், உபரி ஆள் இருந்தால் ஒழுங்கு நிலைக்கும். நல்ல சம்பளமும் பயிற்சியும் இந்த நான்கோடு இணைந்தால்தான் பலன் என்கிறார். அந்த இணைப்புக்கு ஆதாரம் என்று வரும்போது ரிக்ரெஷன் அட்டவணைகள் போய், நிறுவனக் கதைகள் வருகின்றன. கோஸ்ட்கோ, ட்ரேடர் ஜோஸ், குவிக்ட்ரிப், ஸ்பெயினின் மெர்கடோனா.

கதைகள் நன்றாக இருக்கின்றன, மறுக்கவில்லை. மெர்கடோனா ஒரு புது ஊழியருக்கு நான்கு வாரப் பயிற்சி கொடுக்கிறது, ஆளுக்கு 5,000 டாலர் செலவில். 2008 நெருக்கடியில் மற்றவர்கள் ஆளைக் குறைத்தபோது அவர்கள் அலமாரியிலிருந்து பொருட்களைக் குறைத்து விலையை இறக்கினார்கள். குவிக்ட்ரிப்பில் யாராவது லீவு போட்டால் ஓடிப்போய் நிற்கவே தனியாக ஆட்கள் உண்டு. கோஸ்ட்கோவில் சுமார் 4,000 வகைப் பொருட்கள்தான். சாதாரண அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

ஆனால் இந்த நால்வரின் ஜாதகத்தைப் பாருங்கள். மெர்கடோனா குடும்பச் சொத்து. ட்ரேடர் ஜோஸ் ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் குடும்பத்துடையது. குவிக்ட்ரிப் பங்குச் சந்தையில் இல்லை. நாலில் மூன்றுக்கு, காலாண்டு முடிவைக் கேட்டு நச்சரிக்க வெளி முதலீட்டாளரே கிடையாது. மிச்சமிருக்கும் கோஸ்ட்கோவின் லாபத்தில் பெரும்பகுதி உறுப்பினர் கட்டணத்திலிருந்து வருகிறது, பொருளில் வைக்கும் லாபத்திலிருந்து இல்லை. அப்படியானால் நல்ல சம்பளம் இந்த வெற்றியைக் கொடுத்ததா, இல்லை இந்த மாதிரி உடைமையும் வருமான அமைப்பும்தான் நல்ல சம்பளம் கொடுக்க அனுமதித்ததா? எனக்கு இந்தக் கேள்விக்கு ஒரு முழு அத்தியாயமாவது வேண்டியிருந்தது. நல்ல சம்பளம் கொடுத்தும் மூழ்கிப்போன கடைகள் பற்றியும் அதே அக்கறையோடு ஒரு அத்தியாயம் வேண்டியிருந்தது. ஜெயித்தவர்களை மட்டும் பார்த்து ஜெயிக்கும் வழியைச் சொன்னால், பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவன் என்ன எண்ணெய் தேய்த்தான் என்று விசாரிப்பது போல ஆகிவிடும்.

இந்த மாதிரி குறைகளை டோன் அறியாதவர் என்று நான் நம்பவில்லை. 48 மாத டேட்டாவைப் பிரித்து மேய்ந்தவருக்கு நாலு உதாரணத்தின் பலவீனம் தெரியாமலா இருக்கும்? இரண்டாவது புத்தகத்தில் தொனியே மாறியிருப்பதைக் கவனித்தேன். முதல் புத்தகத்தில் 'இது முடியும், இதோ பாருங்கள்' என்ற குரல். இரண்டாவதில் 'இவ்வளவு சொல்லியும் ஏன் செய்ய மாட்டேன் என்கிறீர்கள்' என்ற கேள்வி. குவெஸ்ட் டயக்னாஸ்டிக்ஸின் கால் சென்டர்கள், வால்மார்ட்டின் கிளையான சாம்ஸ் கிளப் என்று, ஏற்கெனவே வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்த நிறுவனங்கள் நடுவழியில் மாறியதைச் சொல்கிறார். இது முதல் புத்தகத்தைவிட நல்ல ஆதாரம். பிறக்கும்போதே கோஸ்ட்கோவாகப் பிறந்ததற்கும், பழக்கத்தை மாற்றிக்கொண்டதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் பல விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றினார்கள். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. டோனே இது ஒரு முழு அமைப்பு, துண்டு துண்டாகச் செய்யாதீர்கள் என்கிறார். நிர்வாக ஆலோசனையாக அது சரி. ஆய்வாளனுக்கு அது ஒரு வசதியான சுவர், எந்தத் துண்டையும் தனியாகச் சோதிக்க முடியாது.

பிரித்துச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். சரவணன் கேசவன், சூசன் லாம்பர்ட், ஜோன் வில்லியம்ஸ் ஆகியோர் கேப் துணிக்கடைகளில் செய்த சோதனையைச் சொல்லாமல் இந்தக் குறிப்பு முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் 28 கடைகள். குலுக்கல் முறையில் சில கடைகளுக்கு மட்டும் நிலையான ஷிஃப்ட், ஊழியர்களே ஆப்பில் ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளும் வசதி, பகுதிநேர ஊழியர் சிலருக்கு வாரம் இருபது மணி நேரமாவது தர முயற்சி, தேவைப்படும் நேரத்தில் கூடுதல் ஆள். 2018-ல் முடிவுகள் வந்தன. அந்தக் கடைகளில் விற்பனை நடுமதிப்பில் 7 சதவீதம் கூடியது, ஆள்நேரத்துக்கான விளைச்சல் 5 சதவீதம் கூடியது. யாருக்கும் மணிக்கூலியை உயர்த்தி இதைச் செய்யவில்லை.

அந்த ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது வேறு. ஷிஃப்ட் ஏன் இப்படி ஆடுகிறது என்று தோண்டியபோது, வாடிக்கையாளர் கூட்டம் ஏறி இறங்குவது மட்டும் காரணமாக இல்லை. சரக்கு எப்போது, எவ்வளவு வரும் என்ற தகவல் தப்பாக வருவது, தலைமை அலுவலகம் கடைசி நேரத்தில் தள்ளுபடித் திட்டத்தை மாற்றுவது, பெரிய அதிகாரி வருகிறார் என்று கடையைத் தலைகீழாக அடுக்குவது. அதாவது ஆட்டம் மேலேயிருந்து வருகிறது. நாங்கள் மென்பொருளில் வாடிக்கையாளர் தேவையை எவ்வளவு நுணுக்கமாகக் கணிக்கலாம் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். லாரி வருகிற நாளைச் சரியாக வாங்கிப் போடும் ஒரு இன்டர்ஃபேஸ் இருந்திருந்தால் போதும். அது 'அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்' பட்டியலில் கடைசிவரைக்கும் இருந்தது.

ஆக, என் வாசிப்பில் டேட்டா சொல்வது இவ்வளவு: கடைகளில் தேவையான ஆள்நேரம் இல்லை, இருக்கும் நேரமும் ஆட்டம் காண்கிறது, இதனால் முதலாளிக்கே நஷ்டம். இதுவே பெரிய விஷயம். சம்பளத்தை உயர்த்தினால் லாபம் வரும் என்பது சில இடங்களில் உண்மையாக இருக்கலாம், ஆனால் அதே உறுதியோடு சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

அப்படியென்றால் டோன் ஏன் சம்பளத்தைக் கையில் எடுத்தார்? ஊகம்தான், ஆனால் பேப்பர்களை வரிசையாகப் படித்தால் எழும் ஊகம். பின் அறைக்குப் போனவர் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை. இரண்டாவது வேலைக்கு ஓடுகிற ஆளை, நாளைக்கு ஷிஃப்ட் இருக்கா இல்லையா என்று தெரியாமல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிற அம்மாவைப் பார்த்திருக்கிறார். அது நியாயம் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் இயக்குநர் குழுவிடம் நியாயம் பேசினால் எடுபடாது, லாபம் பேசினால்தான் காது கொடுப்பார்கள். அதனால் நியாயத்தை லாபமாக மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார் என்பதுதான் என் விமர்சனம். ஒருநாள் ஏதாவது ஒரு நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்த்து, சம்பளம் உயர்த்துவதில் லாபம் இல்லை என்று காட்டினால், இந்த வாதத்தின் கையில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

முதலாளி விரும்பினால் கிடைப்பதை முதலாளி விரும்பாவிட்டால் இழக்கலாம் என்பதும் இதோடு சேர்ந்தது. ட்ரேடர் ஜோஸ், முதல் புத்தகத்தின் நாயகர்களில் ஒருவர். 2022-ல் மாசசூசெட்ஸின் ஹேட்லி கடை ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். 2024 ஜனவரியில் அதே நிறுவனத்தின் வழக்கறிஞர், தொழிலாளர் உறவு வாரியத்தின் அமைப்பே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று வாதிட்டார். நல்ல வேலை கொடுக்கிறோம், ஆனால் நீங்களாகக் கேட்டு வாங்கக் கூடாது என்பது போல. ஷிஃப்ட்டை முன்கூட்டியே சொல்லணும் என்ற விதி சான் ஃபிரான்சிஸ்கோவில் 2014-ல் நிறைவேறிய நகரச் சட்டத்தால் வந்தது. பிறகு சியாட்டில், அப்புறம் ஓரிகன் மாநிலம். (நம்மூரில் துணிக்கடைப் பெண்கள் உட்கார நாற்காலி கொடுக்கணும் என்பதும் 2021 சட்டத் திருத்தத்தில்தான் வந்தது. எந்த முதலாளியின் ஸ்ட்ராட்டஜியிலும் அது இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.)

கடைசியாக ஒன்று. எம்.ஐ.டி.யில் டோனின் பதவி 'ப்ரொஃபசர் ஆஃப் தி ப்ராக்டிஸ்'. பேப்பர் எண்ணிக்கையை வைத்து ஏறும் வழக்கமான ஏணியிலிருந்து அது தனி. 2010-க்குப் பிறகு அவர் எழுதியதில் கேஸ் ஸ்டடிகளும், மேலாளர்களுக்கான கட்டுரைகளும், இரண்டு புத்தகங்களும்தான் கண்ணில் படுகின்றன. மாயச் சரக்கு மாதிரி ஒரு பேப்பர் மறுபடி வரவில்லையே என்று ஒரு வாசகனாக எனக்கு ஏக்கம் உண்டு. ஆனால் அந்தப் பேப்பரை எத்தனை கடை முதலாளிகள் படித்திருப்பார்கள்? நானே தற்செயலாகத்தான் படித்தேன். புத்தகம் இல்லாவிட்டால் அவர் பெயரே எனக்குத் தெரிந்திருக்காது. இதில் யார் பக்கம் சரி என்று எனக்குள் இன்னும் வாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: இரண்டாவது புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள், முதலாவது அப்புறம் போதும். பொறுமை இருந்தால் 2009 அறிக்கையையும் ஹக்மனோடு எழுதியதையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படியுங்கள். 2010 பேப்பரின் அட்டவணைகளை வரிக்கு வரி பிரித்து ஒரு தனிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் என் கணக்கு இடிக்கிறது. சரிபார்த்துவிட்டுப் போடுகிறேன்.